பின்பக்கம் உயர்த்திய மணல்

இல்லை ஐயா, கடையில் மூட்டையாக விற்கிற கறுப்பு மண்ணை நான் குறை சொல்லவே இல்லை. அதற்கு ஈடு எதுவும் கிடையாது. செடி சீக்கிரம் வேர் பிடிக்கும், எடையும் குறைவு. ஆனால் தண்ணீருக்குள் செடி வளர்க்கிற ஆறடி மீன்தொட்டி முழுக்க அதைப் போடுவது என் சம்பளத்தில் நடக்கிற காரியமா? நீங்கள் கேட்டது எடையைப் பற்றி, தெரியும். வருகிறேன். மண்ணைச் சொல்லாமல் எடையைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

அடியில் சலித்த தோட்டத்து மண், அதன்மேல் மணல். கையில் காசில்லாமல் செடித்தொட்டி வைக்கிறவர்கள் எல்லாரும் செய்வது இதுதான். பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த கொத்தனாரிடம் கேட்டேன். "மிச்ச மணல்தானே, அள்ளிக்கோ தம்பி," என்றார். ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பார்த்தேன். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று அர்த்தம், செடிக்கு ஆகாது. நுரைக்கவில்லை. பரீட்சையில் பாஸ் ஆனபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

அடுத்த கட்டத்தில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுவார்கள். தொட்டி அழகாகத் தெரிய வேண்டுமானால் பின்பக்கம் குன்று மாதிரி உயர வேண்டும். வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரர், தண்ணீரில் மிதக்கிற அளவுக்கு லேசான எரிமலைக் கல்லை வலைப்பையில் கட்டி அடியில் நிரப்பச் சொன்னார். "முழுக்க மணலையே கொட்டி வைக்காதடா, பாறாங்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி ஆயிடும்." கல்லுக்குக் காசு. மணல் சும்மா கிடைத்தது. முழுக்க மணலே கொட்டினேன்.

தொட்டி மாடியில், என் அறையின் நடுவில் இருந்தது. வேலை செய்கிற மேஜையிலிருந்தே நேராகப் பார்க்கலாம் என்று அப்படி வைத்தேன். நேர் கீழே அண்ணனும் அண்ணியும் படுக்கிற அறை. அண்ணிக்குக் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. யாராவது தாங்கிப் பிடிக்காமல் அவரால் கட்டிலைவிட்டு இறங்க முடியாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கவில்லை.

அண்ணி என்னை மீன்காரரே என்றுதான் கூப்பிடுவார். "மீன்காரரே, அந்தச் செடிங்க மேல வைக்கிற கவனத்துல கால்வாசி என் காப்பி மேல வச்சா சர்க்கரை மறக்காதுல்ல?" நல்ல மனுஷி. எனக்கும் அவருக்கும் எந்தப் பகையும் கிடையாது.

கொத்தனார் ஒருநாள் தொட்டியைப் பார்க்க வந்தார். செடிகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். குதிகாலால் இரண்டு தட்டு தட்டினார். "இங்க கீழ பீம் இல்ல தம்பி. சுவரோரமா நகர்த்திடு. முடியலன்னா பாதி மணலையாவது வெளிய எடு." சரிங்க என்றேன். அவர் போனதும் கீழேயிருந்து அண்ணி கேட்டார், "கொத்தனார் என்ன சொன்னார்?"

"அழகா இருக்குன்னார், அண்ணி."

மணலை எடுப்பது சொல்கிற மாதிரி லேசான வேலை இல்லை ஐயா. மேலே கை வைத்தால் அடியில் இருக்கிற தோட்டத்து மண் கிளம்பி வந்துவிடும். தொட்டி முழுக்கக் காப்பி நிறமாகிவிடும். தொட்டிக்குள் மணலில் படர்கிற புல் அப்போதுதான் குன்றின்மேல் ஏறத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் அதைப் பிடுங்க யாருக்கு மனசு வரும்?

பிறகு அண்ணியின் தலையணையில் சுண்ணாம்புத் தூள் விழ ஆரம்பித்தது. மேலே பார்த்தேன், மயிரிழை மாதிரி ஒரு விரிசல். "கண்ணுல விழுது மீன்காரரே, கட்டிலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்களேன்," என்றார். தள்ளியிருக்கலாம். ஆனால் சாயங்காலம் அண்ணன் வந்ததும் கட்டில் ஏன் இடம் மாறியது என்று கேட்பார். கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார். அதனால் கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விரிசலில் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தேன். கண்ணில் விழாமல் இருக்கப் பகலில் மட்டும் கட்டிலுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தாளையும் கட்டினேன், அண்ணன் வருவதற்குள் அவிழ்த்துவிடுவேன்.

"என்ன, என்னையும் தொட்டியில போட்டு மூடறீங்களா?" என்று அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்றைக்குக் காலையில் அண்ணன் வேலைக்குப் போன பிறகு, தரைக்குள் யாரோ விரல் சொடுக்கின மாதிரி ஒரு சத்தம். தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர்க் கோடு ஒரு முனையில் விரல் அளவு இறங்கியிருந்தது. தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும் ஐயா. கோடு சாய்ந்திருந்தால் தொட்டி சாய்ந்திருக்கிறது. தொட்டி சாய்ந்தால் தரை இறங்குகிறது. இது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

குழாய் கையில்தான் இருந்தது. தண்ணீரை இறக்கியிருக்கலாம். இறக்கினால் குன்றின் மேல் புல் காய்ந்துவிடும். கீழே போய் அண்ணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். வந்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். அண்ணனுக்குப் போன் போயிருக்கும், சாயங்காலத்துக்குள் தொட்டி தெருவுக்கு வந்திருக்கும். நான் தண்ணீரை நிரப்பினேன். விளிம்பில் ஒரு கறுப்புப் பட்டை உண்டு. கோடு அதற்குப் பின்னால் ஏறிவிட்டால் சாய்வு வெளியே தெரியாது. நிஜமாகவே தெரியவில்லை. தொட்டி அவ்வளவு அழகாக இருந்தது.

"மீன்காரரே, மேல என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல அண்ணி, தூங்குங்க."

குழாயை அப்படியே ஓடவிட்டுவிட்டு மாடிப்படிக்கு வந்து நின்றேன். அறைக்குள் திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். விழப்போகிற தரைமேல் யாராவது போய் நிற்பார்களா ஐயா?

அண்ணன் இன்னும் வீட்டுக்கு எதிரே தெருவோரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாராம். யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லையாம். கோபம். கொஞ்ச நாளில் சரியாகிவிடுவார்.

ஒன்று கேட்க வேண்டும். இடிபாட்டிலிருந்து அள்ளிய மணலை உங்கள் ஆட்கள் மூட்டை கட்டி ஸ்டேஷன் பின்னறையில் வைத்திருக்கிறார்கள். வரும்போது பார்த்தேன். நிறம் கொஞ்சம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நாலைந்து தண்ணீர் விட்டு அலசினால் போய்விடும். அந்த மாதிரி மணல் தேடினாலும் கிடைக்காது. மூட்டை வாயில் புல் ஒரு கொத்து பச்சையாகவே ஒட்டிக்கொண்டிருந்தது, அது ஒன்று போதும், படர்ந்துவிடும். இந்தத் தடவை தரைத்தளத்தில் வைக்கிறேன், அடியில் எரிமலைக் கல்லும் போடுகிறேன். நல்லா வரும்தானே, நீங்க என்ன நினைக்கிறீங்க?