நைட் ஷிஃப்ட் கால்வலி

இரவு வேலை முடிந்து சுரங்கத்திலிருந்து திரும்பும் பஸ். என் முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரத்துக்காரர் தொடையைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டதுலேருந்து காலு கடப்பாறையால குத்தறாப்ல வலிக்குது மச்சான். அதுவும் நைட் ஷிஃப்ட் வாரத்துல மட்டுந்தான்."

"மாத்திரைக்கு ஷிஃப்ட் தெரியுமா மாப்ள? எப்படிப் போடற?"

"டாக்டர் சொன்னபடிதான். தெனம் ராத்திரி, படுக்கும்போது."

"நைட் ஷிஃப்ட்ல ராத்திரி எங்க படுக்கற?"

"அதான், ராத்திரி வேலைக்குக் கெளம்பறப்ப ஒண்ணு போட்டுக்கறேன். காலையில வந்து படுக்கும்போது ஒண்ணு."

மச்சான் சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

"அடப்பாவி, ஒம் மாத்திரை டபுள் டூட்டி பாக்குது! இன்னிக்கே டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு."

"சொல்றேன். ஒன் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாத. கல்யாணமான நாள்லேருந்து இப்பதான் எனக்குத் தைலம் தேச்சி வுடறா."

அவருடைய பிளாக் வந்தது. இறங்கும்போது கொஞ்சமாகத்தான் நொண்டினார். குவார்ட்டர்ஸ் வாசலில் மனைவி நிற்பதைப் பார்த்ததும் நன்றாகவே நொண்டினார்.