எங்க ஊரு வேண்டாம் மதினி

கண்ணம்மாள்: …சும்மா சொல்லல மதினி. மதுரையில மனுசன் குடியிருப்பானா?

சுப்புத்தாய்: மெதுவாப் பேசுங்க. உங்க மக இப்பத்தான் கண்ணசந்தா. ராத்திரி பூரா பிள்ளை தூங்க விடல.

கண்ணம்மாள்: சரி, மெதுவாவே சொல்றேன். மதுரை வேண்டாம். புள்ளைக திண்டுக்கல்லுலயே வீடு பிடிக்கட்டும்.

சுப்புத்தாய்: மதுரைக்காரவுக பேசுற பேச்சா இது? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு என்ன சொன்னீக? "எங்க கீர்த்தனா மதுரையில வளந்த புள்ள, உங்க பொட்டக்காட்டுல எப்படிக் காலந்தள்ளும்"னு கேக்கல?

கண்ணம்மாள்: அது அன்னைக்கு.

சுப்புத்தாய்: எங்க வீட்டுக்காரரு இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்காரு.

கண்ணம்மாள்: சிரிக்கட்டும். மூணு வருசத்துல ஊரு மாறாதா? எங்க பாத்தாலும் தோண்டிப் போட்டுருக்கான். காளவாசல்ல ரெண்டு சிக்னல் விழுந்தாத்தான் தாண்ட முடியும். பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து மாட்டுத்தாவணி போறதுக்குள்ள முக்கா மணி நேரம்…

சுப்புத்தாய்: பேத்தி என்ன காளவாசல்லயா போயி நிக்கப் போகுது? எட்டு மாசப் புள்ள. அதுக்கு வேண்டியது தண்ணி. இங்க ஏது தண்ணி? எட்டு நாளைக்கு ஒருக்கா. போன தடவை பன்னெண்டு நாளாச்சு. அந்தா பாருங்க வரிசைய. வீட்டுல ஆளுகளவிட டிரம்மு அதிகம்.

கண்ணம்மாள்: டிரம்மு இருக்குல்ல, பெறகென்ன?

சுப்புத்தாய்: டிரம்மு இருந்தா ஆச்சா? நல்லா யோசிங்க. ஒண்ணாந்தேதி கீர்த்தனா மில்லுக்குத் திரும்பப் போறா. இந்த ஒத்த ரூம்புல அஞ்சு பேரு கால நீட்ட முடியல. தனி வீடு பாக்கணும். எம் மகன் அசோக்கு என்ன சொல்லிட்டான்? "வாடிப்பட்டி மில்லுக்கு ரெண்டு ஊர்ல இருந்தும் பஸ்ஸு இருக்கு. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க"ன்னுட்டான். மதுரைன்னா பிள்ளைய நீங்க பாக்கணும். திண்டுக்கல்லுன்னா நான் பாக்கணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லியாகணும்.

கண்ணம்மாள்: அதான் சொல்லிட்டேனே. திண்டுக்கல்லு.

சுப்புத்தாய்: நான் மதுரைங்கேன்.

கண்ணம்மாள்: சொந்த ஊரை இம்புட்டுக் குறை சொல்லலாமா மதினி?

சுப்புத்தாய்: நீங்க செய்யிறது என்னவாம்? இங்க என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்.

கண்ணம்மாள்: என்ன இல்ல? பிரியாணி…

சுப்புத்தாய்: எட்டு மாசப் புள்ளைக்கா?

கண்ணம்மாள்: வளந்து திங்காதா?

சுப்புத்தாய்: மலை இருக்கு. மலை மேல கோட்டை இருக்கு, கோயிலும் இருக்கு. உள்ள சாமி இல்ல. அதான் எங்க ஊரு. உங்களுக்கு ஆத்தா மீனாட்சி குத்துக்கல்லாட்டம் இருக்கா.

கண்ணம்மாள்: இருக்கா. பாக்கப் போறவன் வண்டிய எங்க நிறுத்த? ஒரு மைலுக்கு அங்கிட்டு நிறுத்திட்டு நடக்கணும். இவன் ஒன்வேங்கான், அவன் உள்ள விட மாட்டேங்கான்…

சுப்புத்தாய்: உங்களுக்கு ஏது மதினி வண்டி?

கண்ணம்மாள்: …பொதுவாச் சொன்னேன். ஊருல எல்லாரும் சொல்றதுதான்.

ஆண்டிச்சாமி: யம்மா சுப்புத்தாயி… யாரு ஆட்டோ இது? முக்குல குறுக்க நிறுத்திட்டுப் போயிருக்கான்.

சுப்புத்தாய்: நம்ம தண்ணி வண்டி ஆண்டிச்சாமி. டிராக்டரு திரும்ப மாட்டேங்குதாம்… என்னப்பு கத்துற, பிள்ளை தூங்குது.

ஆண்டிச்சாமி: மதுரை நம்பரும்மா. புது வண்டி. மாலை கூடக் கழட்டல. உங்க வீட்டுக்கு எவனும் வந்திருக்கானா?

சுப்புத்தாய்: எங்க வீட்டுக்கு எவன் வாரான், சம்பந்தியம்மா மட்டுந்தான் வந்திருக்காக. எவனாச்சும் பிரியாணி திங்க வந்தவனா இருப்பான். நீ பின் தெருவுக்கு ஊத்திட்டு வா, அதுக்குள்ள எடுத்துருவான்.

ஆண்டிச்சாமி: காலங்காத்தால என்ன பிரியாணி…

சுப்புத்தாய்: பாத்தீகளா? காசு குடுத்து வாங்குற தண்ணிக்கே இந்த லட்சணம். உங்க ஊர்க்காரன் எங்க வந்தாலும் குறுக்கதான் நிறுத்துவான்.

கண்ணம்மாள்: …அவசரத்துல நிறுத்தியிருப்பாக.

சுப்புத்தாய்: அவனுக்கு நீங்க ஏன் பரிஞ்சுக்கிட்டுப் பேசுறீக? விடுங்க, இந்தா காப்பி. முதல் பஸ்ஸப் பிடிச்சு வந்தீகளா?

கண்ணம்மாள்: அஞ்சு மணிக்குக் கெளம்பிட்டேன்.

சுப்புத்தாய்: மெஸ்ஸுக்கு லீவு போட்டா? அந்த ஆளு லேசுல விட மாட்டானே.

கண்ணம்மாள்: விட்டான்… காப்பி நல்லாருக்கு.

சுப்புத்தாய்: கைய நீட்டுங்க.

கண்ணம்மாள்: எதுக்கு?

சுப்புத்தாய்: நீட்டுங்கன்னா. இருபது வருசமா மெஸ்ஸுல பாத்திரம் கழுவுன கை. எப்பத் தொட்டாலும் ஊறிப்போன பழஞ்சோறு கணக்கா சொதசொதன்னு இருக்கும். இன்னைக்கு என்ன, காஞ்சு கெடக்கு? பெருவிரலுக்குக் கீழ காய்ப்பு வேற.

கண்ணம்மாள்: இப்பக் கழுவுறதுக்கு மிசினு வந்துருச்சு மதினி.

சுப்புத்தாய்: அந்த மெஸ்ஸுக்கா? தண்ணிச் சாம்பார் ஊத்துறவன் மிசினு வாங்குனானாக்கும்.

கண்ணம்மாள்: என்னைய விடுங்க. உங்க ரவிக்கையில என்ன சொருகியிருக்கீக?

சுப்புத்தாய்: எங்க?

கண்ணம்மாள்: அந்தா, பேனா. கட்டைப் பேனா.

சுப்புத்தாய்: ஓ… இதா. ஹரிணி வாயில வச்சுக் கடிச்சுச்சு, பிடுங்கிச் சொருகினேன்.

கண்ணம்மாள்: பிள்ளைதான் தூங்குதே.

சுப்புத்தாய்: நேத்துக் கடிச்சது.

கண்ணம்மாள்: நேத்துப் பிடுங்கினதக் குளிச்சிட்டு இன்னைக்கும் சொருகினீகளாக்கும்.

சுப்புத்தாய்: மணி என்ன ஆச்சு?

கண்ணம்மாள்: ஒம்பதே கால். இதோட நாலு தரம் கேட்டுட்டீக.

சுப்புத்தாய்: பத்து மணிக்கு வெங்காயக் குடோனுக்குப் போகணும்.

கண்ணம்மாள்: கொஞ்சம் பிந்தினா என்ன? வெங்காயத்தக் கிண்டித் தரம் பிரிக்கிற வேலைதான. போயி உக்காந்தா உக்காந்ததுதான்.

சுப்புத்தாய்: அப்படிப் பிந்த முடியாது இப்ப.

கண்ணம்மாள்: இப்பன்னா? உங்க சேலையையும் பாத்தேன். முன்னால நான் எப்ப வந்தாலும் பின்னாடி பூரா செம்மண்ணும் வெங்காயச் சருகுமா இருக்கும். இந்தா கொடியில கெடக்கு நேத்துச் சேலை. ஒரு பொட்டு மண்ணு இல்ல. உண்மையச் சொல்லுங்க மதினி. குடோனுக்குத்தான் போறீகளா?

சுப்புத்தாய்: சீ, என்ன கேள்வி இது. பெறகு எங்க போறேன்?

கண்ணம்மாள்: அப்பச் சொல்லுங்க.

சுப்புத்தாய்: …சிரிக்கக் கூடாது.

கண்ணம்மாள்: சிரிக்கல.

சுப்புத்தாய்: உங்க மககிட்டச் சொல்லக் கூடாது.

கண்ணம்மாள்: எம் மக மேல சத்தியம்.

சுப்புத்தாய்: அவகிட்டச் சொல்லாததுக்கு அவ மேலயே சத்தியமா… சரி. பதினாலு வயசுல போயி உக்காந்தேன் மதினி. தரையில சாக்க விரிச்சு. பொடி தனி, அழுகினது தனி, நல்லது தனி. முப்பத்தெட்டு வருசம். அசோக்கு வயித்துல இருக்கையில ஒம்பதாம் மாசம் வரைக்கும் அந்தச் சாக்குதான். முட்டி மடக்குனா மடக்குனபடி, எந்திரிக்கத் தூணப் பிடிக்கணும்.

கண்ணம்மாள்: தெரியும்.

சுப்புத்தாய்: போன மாசம் முதலாளி பாரூக் பாய் கூப்பிட்டாரு. "சுப்புத்தாயி, இனி நீ கிண்ட வேண்டாம். இருபத்தாறு பேரு கிண்டுறத நின்னு பாரு. சரியாயிருந்தா மூட்டையில மார்க் போடு"ன்னாரு. இந்தப் பேனா அதுக்குத்தான். அப்புறம்…

கண்ணம்மாள்: அப்புறம்?

சுப்புத்தாய்: ஒரு சேரு குடுத்தாரு. நீலக் கலரு பிளாஸ்டிக் சேரு. கை வச்சது.

கண்ணம்மாள்: கை வச்ச சேரா?

சுப்புத்தாய்: ரெண்டு பக்கமும் கை வச்சது. முத நாளு உக்கார வெக்கமாப் போச்சு. மறுநாளு உக்காந்தேன். சாயங்காலம் தூணப் பிடிக்காம எந்திரிச்சேன் மதினி. பிள்ளையப் பாக்கன்னு நான் வீட்டுல நின்னா, மறுநாளே இந்த ஆண்டிச்சாமி பொண்டாட்டி அதுல ஏறி உக்காந்துருவா. அவ கண்ணு அதுமேலதான். இது தெரிஞ்சா, பேத்தியவிட உனக்குச் சேரு பெருசாப் போச்சான்னு கேப்பீக. அதான் சொல்லல. கேளுங்க, இப்பக் கேளுங்க.

கண்ணம்மாள்: கேக்கல.

சுப்புத்தாய்: ஏன்?

கண்ணம்மாள்: கேக்குற வாயி எனக்கு இல்ல மதினி.

சுப்புத்தாய்: அப்படிப் போடுங்க. அதான பாத்தேன், மதுரைக்காரி மதுரைய ஏசுறாளேன்னு. பிள்ளைய என் தலையில கட்டப் பாத்தீக.

கண்ணம்மாள்: நீங்க எந் தலையில கட்டப் பாத்தீக.

சுப்புத்தாய்: நான் காரணத்தச் சொல்லிட்டேன். உங்க காரணம்?

கண்ணம்மாள்: சொல்றேன். முதல்ல பிள்ளைக்கு ஒரு வழி பண்ணுவோம். பேத்தி மேல பாசம் இல்லாமலா? வாரத்துல ஒரு நாளு தூக்கி வச்சுக்கிட்டா நெஞ்சு குளுந்து போகுது. தெனமும் பத்து மணி நேரம்னா… நான் மூணு பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டே பாத்திரம் கழுவினவ மதினி. இடுப்புக்கும் ஒரு கணக்கு இருக்குல்ல.

சுப்புத்தாய்: மதுரை என்ன, திண்டுக்கல்லு என்ன… எந்த ஊர்ல குனியிறது கம்மியோ அதான் நம்மளுக்கு நல்ல ஊரு.

கண்ணம்மாள்: போன வாரம் கீர்த்தனா ஒண்ணு சொன்னாளே, ஞாபகம் இருக்கா?

சுப்புத்தாய்: வாடிப்பட்டியிலயே வீடு பாப்போம், மில்லுல பிள்ளைகளப் பாத்துக்கிட ரூமு இருக்குன்னா.

கண்ணம்மாள்: நம்ம என்ன சொன்னோம்?

சுப்புத்தாய்: ரெண்டு பேரும் சேந்துல்ல ஏசினோம். "நாங்க ரெண்டு பேரு கல்லாட்டம் இருக்கையில, கைப்புள்ளைய மில்லுத் தொட்டில்ல போடுவியா"ன்னு.

கண்ணம்மாள்: நான் அழுதுகூடக் காட்டினேன்.

சுப்புத்தாய்: நல்லாத்தான் அழுதீக. நானே நம்பிட்டேன்.

கண்ணம்மாள்: அந்த ரூமப் போயிப் பாத்தேன் மதினி. செவ்வாக்கெழமை. நல்லாருக்கு. பத்துத் தொட்டில், ரெண்டு ஆயா. ஒருத்தி நம்ம சோழவந்தான்காரி. இடைவேளையில தாயி போயிப் பால் குடுத்துட்டு வரலாம்.

சுப்புத்தாய்: நீங்க எப்ப வாடிப்பட்டி போனீக?

கண்ணம்மாள்: அந்தப் பக்கம் ஒரு சவா… ஒரு வேலையாப் போனேன்.

சுப்புத்தாய்: என்ன வேலை?

கண்ணம்மாள்: வேலைதான். அங்க தண்ணியும் பரவாயில்லையாம். பெரியாறு கால்வாய் ஓடுது. வெயிலும் உங்க ஊரு அளவுக்கு இல்ல, நெரிசலும் எங்க ஊரு அளவுக்கு இல்ல.

சுப்புத்தாய்: இப்ப எங்க ஊர்ல வெயிலு வந்துருச்சா? காப்பி குடிக்கிற வரைக்கும் சொர்க்கமா இருந்துச்சே.

கண்ணம்மாள்: அப்ப அதுக்குக் காரியம் இருந்துச்சு.

சுப்புத்தாய்: யாரு போயிச் சொல்றது உங்க மககிட்ட? நீங்க சொல்லுங்க.

கண்ணம்மாள்: உங்க மருமக. நீங்க சொல்லுங்க.

சுப்புத்தாய்: சேந்து ஏசினோம், சேந்தே சொல்லுவோம். ஆனா அவ சொன்னதத்தான் சொல்றோம்னு காட்டிக்கிடக் கூடாது. நம்மளா யோசிச்ச மாதிரி இருக்கணும்.

கண்ணம்மாள்: "உங்க நல்லதுக்காக மனசக் கல்லாக்கிக்கிட்டோம்"னு ஆரம்பிங்க.

சுப்புத்தாய்: நீங்க ஆரம்பிங்க, உங்களுக்குத்தான் அழுகை வரும். எனக்கு வெங்காயத்துல வந்து வந்து வத்திப்போச்சு.

கண்ணம்மாள்: சாயங்காலம் அசோக்கும் வந்துரட்டும். நான் இருந்துட்டே போறேன்.

சுப்புத்தாய்: சத்தியம் பண்ணிக்கிடுவோம். ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் வாடிப்பட்டி போயிரணும். நான் ஒரு நேரம், நீங்க ஒரு நேரம். மெஸ்ஸுக்காரன் விடலன்னு சொல்லிறக் கூடாது.

கண்ணம்மாள்: அவன் விட வேண்டியதில்ல.

சுப்புத்தாய்: ஏன்? நின்னுட்டீகளா?

கண்ணம்மாள்: நின்னு ஒரு மாசமாச்சு.

சுப்புத்தாய்: யாத்தே… பெறகு சோத்துக்கு? என்ன மதினி, இதையாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. உடம்புக்கு ஏதும் முடியலையா? மறைக்காதீக.

கண்ணம்மாள்: உடம்பு நல்லாத்தான் இருக்கு. பொறுங்க, நானே சொல்…

ஆண்டிச்சாமி: யம்மோவ்… பின் தெருவுக்கு ஊத்திட்டு வந்துட்டேன். அந்த மதுரைக்காரன் இன்னும் வரல. நாலு பேரச் சேத்துத் தள்ளி ஓரமாப் போடவா?

சுப்புத்தாய்: தள்ளுப்பு, தள்ளு. எம்புட்டு நேரந்தான் பாக்குறது. எனக்கும் நேரமாச்சு, இனி நாகல் நகர் பாலத்துக்கு நடந்து, டவுன் பஸ்ஸப் பிடிச்சு… அந்த ஆண்டிச்சாமி பொண்டாட்டி வேற முன்னாடியே போயிருப்பா. இருங்க மதினி, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீக?

கண்ணம்மாள்: தள்ளாதீக அண்ணே, கியர்ல கெடக்கு, நானே வந்து எடுக்குறேன்… மதினி, அந்தப் பைய எடுங்க, அடியில காக்கிச் சட்டைக்குள்ள சாவி இருக்கு. நடந்தெல்லாம் போக வேண்டாம், ஏறி உக்காருங்க. பத்து மணிக்கு உங்க சேரு முன்னால எறக்கி விடுறேன்.