பால்கனியில் கட்டியிருந்த கயிறு

டிக்கெட்டை நேராகக் கிழிப்பது எல்லோருக்கும் கைவராது, ஐயா. நகத்தால் கீறி, மடித்து, ஒரே இழுப்பு. சீட் எண் உள்ள பாதி வந்தவர் கையில், மற்ற பாதி என் பையில். முப்பத்தொரு வருஷம் அந்தத் தியேட்டர் வாசலில் நின்றதில் கோணலாகக் கிழித்தது ஒன்றுகூடக் கிடையாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் டைரக்டர், "டிக்கெட் கிழிக்கிறவரா நீங்களே நடிச்சிடுங்க பெரியவரே" என்றார்.

அவர்கள் எடுக்கும் படம் அறுபது வருஷத்துக்கு முந்தைய கதையாம். அதற்கு அந்தக் காலத்துத் தியேட்டர் அசலாகவே வேண்டுமாம். ஊரில் மிச்சம் இரண்டுதான். எங்களுடையது ஒன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. யானை படுத்தாலும் குதிரை மட்டம். நாலு வருஷமாகப் படம் ஓடாமல் கிடந்தும், அவர்களுக்கு எங்கள் தியேட்டரைத்தான் பிடித்தது. ஆனால் முதலாளி அதை இடிக்க ஏற்கெனவே ஆள் பேசி வைத்திருந்தார்.

"ஷூட்டிங் நல்லபடியா முடிஞ்சு, ஜனங்க இந்த இடத்தைப் பார்க்க வந்தாங்கன்னா இடிக்க மாட்டேன். இல்லேன்னா அடுத்த மாசம் நீயும் உன் பொண்டாட்டியும் வேற இடம் பார்த்துக்கோங்க" என்றார்.

திரைக்குப் பின்னால் உள்ள அறையில்தான் எங்கள் குடித்தனம். டிக்கெட் கிழிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவன் ஐம்பத்தெட்டு வயதில் எங்கே போவான்? அந்த வாரம் முழுக்க எனக்குப் பயம், ஐயா. வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

பால்கனி விஷயத்துக்கு வருகிறேன். முன் மூன்று வரிசையைக் கயிறு கட்டி அடைத்து வைத்திருந்தேன். இவருடைய அப்பா, பெரிய முதலாளி, போட்ட கட்டுப்பாடு அது. அடியில் உத்திரம் விட்டுப்போயிருந்தது. வெளியூர் எஞ்சினியர் ஒருவரை ரகசியமாக வரவழைத்துக் காட்டினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முன்னால ஆள் ஏறினா மொத்தமும் கீழ வந்துடும். யார்கிட்டயும் மூச்சு விடாதே. சீட் கிழிஞ்சிருக்குன்னு சொல்லிடு." அவர் செத்த பிறகு, ஊரில் அந்தக் கயிறு எதற்கு என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். மகன் பால்கனிப் படி ஏறியதே இல்லை.

சினிமா கம்பெனி மேனேஜர் அதைச் சரியாகக் கவனித்தார். கெட்டிக்காரர்.

"கயிறு எதுக்கு?"

"சீட் கிழிஞ்சிருக்கு சார்."

"தைச்சுக்கலாம். பால்கனி தாங்குமா? எல்லாரும் எழுந்து ஆடணும்."

"எத்தனை படம் இங்க ஹவுஸ்ஃபுல்லா ஓடியிருக்கு சார். கல்லு மாதிரி இருக்கு."

கயிற்றை நானே அவிழ்த்தேன். அடியிலிருந்த விரிசலுக்கு அவர்களுடைய பெயிண்டையே வாங்கிப் பூசினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆற்றைத் தாண்டிப் போயிருப்பார்கள். காலை பத்து மணியிலிருந்து சாப்பாட்டு நேரம் வரைதானே, தாங்கிவிடும் என்று நம்பினேன். முதல் வாக்குமூலத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

கூட்டத்தில் உட்கார எங்கள் தெரு ஜனங்களையே அழைத்திருந்தார்கள். என் மனைவிக்குக் கிடைத்தது பால்கனியில் முதல் வரிசை. நான் அவளை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டேன்.

"நீ கீழ போய், திரைக்குப் பக்கத்துல முதல் பெஞ்சுல உக்காரு."

"தெருவுல இருக்கிறவ எல்லாம் மாடியில. கேட் கீப்பர் பொண்டாட்டி மட்டும் தரை டிக்கெட்டா? நல்லா இருக்கு உங்க ஞாயம். அண்ணாந்து பார்த்தே கழுத்து ஒடிஞ்சிடும்."

"சொன்னா கேளு. கேமரா அங்கதான் இருக்கு."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். போகிற போக்கில் தன் டிக்கெட்டைத் தங்கையிடம் கொடுத்துவிட்டாள். அது எனக்குத் தெரியாது.

பால்கனி வாசலில் டிக்கெட்டை நீட்டியபோதுதான் மச்சினியைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தின்போது அவளுக்கு ஐந்து வயது. என் விரலைப் பிடித்துக்கொண்டு படம் பார்க்க வருவாள், இடைவேளைக்குள் தூங்கிவிடுவாள்.

"என்ன மாமா முழிக்கிறீங்க? சொந்த மச்சினியையும் டிக்கெட் கிழிச்சுதான் உள்ள விடுவீங்களா?"

ஏ வரிசை, ஏழாம் எண். என் பின்னால் உதவி டைரக்டர் தலை எண்ணிக்கொண்டிருந்தார். ஒருத்தியை ஏற்கெனவே கீழே அனுப்பியாயிற்று. இவளையும் அனுப்பினால் ஏன் என்று கேட்பார். கிழித்தேன். நேராகத்தான் கிழித்தேன்.

முதல் டேக்கில் திரையில் கதாநாயகன் வந்ததும் எல்லோரும் எழுந்து குதித்தார்கள். சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து வெளிச்சத்தில் மிதந்தது. "அந்தப் புகை பிரமாதம், அப்படியே இருக்கட்டும். இன்னொரு டேக்" என்று கீழிருந்து டைரக்டர் சொன்னார். அன்றைக்கு யாரும் புகை போடவில்லை.

எங்கள் தியேட்டரில் ஒரு முறை உண்டு. ஆபத்து என்றால் வாசலில் நிற்பவன் டார்ச்சை மூன்று சுற்று சுற்ற வேண்டும். ஆபரேட்டர் படத்தை நிறுத்தி விளக்கைப் போடுவார், எல்லோரும் வெளியே. கேபினில் எங்கள் பழைய ஆபரேட்டர்தான் இருந்தார். டார்ச் என் கையில் இருந்தது. ஒரு சுற்று சுற்றினேன். கேபின் துவாரத்தில் அவர் முகம் தெரிந்தது. மிச்ச இரண்டுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மச்சினி அது தனக்குத்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கையசைத்தாள்.

டார்ச்சை அணைத்துப் பையில் போட்டேன். இரண்டாவது டேக் தொடங்கியது.

விழுந்த பால்கனிக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர்களையும் சேர்த்துச் செத்தவர்கள் பதினான்கு பேர் என்கிறார்கள். மச்சினியும் அதில் ஒருத்தி. ஆஸ்பத்திரி நடையில் என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "என்னை மட்டும் எதுக்குக் கீழ உக்கார வச்சீங்க?" முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைக்க முடியும்? அவள் நேராக உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஆகவே அந்த முதல் வாக்குமூலத்தைக் கிழித்துவிடுங்கள். தாங்கிவிடும் என்று நான் நம்பவில்லை. விழும் என்று தெரியும். தெரிந்துதான் ஒருத்தியைக் கீழே அனுப்பினேன், தெரிந்துதான் இன்னொருத்தியை மேலே விட்டேன். அவளுடைய பாதி டிக்கெட் இதோ, என் சட்டைப் பையில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கலாமா? வழக்கு முடிகிறவரை கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொடக்கூடாது என்று உத்தரவாமே. வாசலில் நிற்கும் உங்கள் காவலர் சொன்னார். அப்படியானால் அவசரமே இல்லை, ஐயா. நிதானமாக விசாரியுங்கள்.