ஆறடி மஃப்ளர்

டிசம்பர் 28, ஞாயிறு.

பரிசு சுற்றும்போது ஒரு சின்னத் தவறு செய்தேன். வண்ணத்தாளை இரண்டு அங்குலம் குறைவாக வெட்டிவிட்டேன். ஓரத்தில் இன்னொரு துண்டு ஒட்ட வேண்டியதாயிற்று. மாலை வகுப்பில் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறவன் அளவில் தவறக் கூடாது.

எங்கள் தொழிற்சாலையில் டிசம்பர் தோறும் கிறிஸ்மா விளையாட்டு உண்டு. சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு நாம் கிறிஸ்மா. பெயர் சொல்லாமல் வாழ்த்து அட்டையும் பரிசும் அனுப்பி, அட்டையில் ஒரு வேலை கொடுப்போம். அவர் அதைச் செய்தாக வேண்டும். எனக்கு எட்சன் பெயர் வந்தது. மூக்கண்டப்பள்ளியில் என் அறைத் தோழன். லேத்தில் என்னைவிட வேகமானவன். பயிற்சித் தொழிலாளர்களான எங்கள் இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள்.

கடையில் நான்கடி மஃப்ளரும் இருந்தது, ஆறடியும் இருந்தது. ஓசூர்க் குளிருக்கு ஆறடிதான் சரி என்று பட்டது. அட்டையில் இடது கையால் எழுதினேன்: 'நாளை முழுக்கக் கழற்றக் கூடாது. கழற்றினால் கேக் கிடையாது.'

திங்கள் மாலை எட்சன் பிரித்தான்.

"டேய் ஆஸ்டினு, எங்கம்மாகூட எனக்கு இவ்ளோ நீளமா எடுத்துத் தந்ததில்லடா. யாருடா இந்தக் கிறிஸ்மா? பொண்ணா இருந்தா நேரா சர்ச்சுதான்."

"அது உன் மூஞ்சியப் பாத்துட்டு முடிவு பண்ணட்டும்."

"லேத்துல நிக்கறப்பவும் போட்டுக்கணுமா?"

"சட்டைக்குள்ள சொருகிக்கடா. ஒரு நாளுதான."

சுழலும் இயந்திரத்தருகே தளர்ந்த துணி கூடாது. என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. எட்சனுக்கும் தெரியும். ஆகவே பொறுப்பு இருவருக்கும் சமம் என்று நினைக்கிறேன். சரியா என்று தெரியவில்லை.

செவ்வாய் பதினொரு மணிக்கு அவன் குனிந்தபோது மஃப்ளரின் நுனி வெளியே வந்தது. நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சிங்காரப்பேட்டையிலிருந்து அவன் அம்மா மேரிராணி வந்தார். கிறிஸ்மா யாரென்று விசாரிக்கலாம் என்றார் சூப்பர்வைசர்.

"வேணாம் சாமி. குளிருதேன்னு குடுத்த புள்ள. அது மனசு இப்ப என்ன பாடுபடுதோ. யாரும் ஒண்ணும் கேக்காதீங்க" என்றார் அம்மா.

எனக்கு ஆறுதலாக இருந்தது.

எட்சனுக்கு ஒரு மெமோ கிடைக்க வேண்டும், அவ்வளவே என் எண்ணம். பாதுகாப்பு அதிகாரி ஜெகதீஷ் சார் மஃப்ளரைப் பார்த்தால் உடனே எழுதிக் கொடுத்துவிடுவார். ஐந்து நாளாக இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை ஜெகதீஷ் சார் விடுப்பு. அந்த அறிவிப்பைப் பலகையில் ஒட்டியவன் நான். ஒட்டிவிட்டுத்தான் மஃப்ளர் வாங்கப் போனேன்.

கொன்றவன் நான்தான்.

நாளை: காலை ஒன்பது மணிக்கு நிரந்தரப் பணி ஆணையில் கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்போர்ட் போட்டோ இரண்டு, ஆதார் நகல் ஒன்று.