மண்டோர் கன்னையா கேட்ட ஒரு வாரம்

தலைமை தாங்கும் ஐயா பழனியப்பன் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! பிரிக்பீல்ட்ஸ் லயங்களிலிருந்து வேலை உடுப்போடு வந்து நிற்கும் தோழர்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் கன்னையாவின் மனைவி, தங்கை நல்லம்மாளே! ஓவர்சியர் ரெங்கசாமியின் வணக்கம். எதைச் சொல்லித் தொடங்குவேன்? நம் மண்டோர் கன்னையா போய்விட்டாரே!

பெருவெள்ளத்துக்குப் பிறகு, கிள்ளான் ஆற்றை நேராக்க நாற்பது ஆட்களுக்கு மேஸ்திரியாக நின்று கரையை வெட்டியவர் அவர். ஆறடி ஆழத்தில் கோடரி வடிவில் ஒரு பச்சைக்கல் கிடைத்தது. இடியோடு வானத்திலிருந்து விழுந்த கல் என்றார்கள் பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள். நம்மவர் அதில் இரண்டு நாள் கத்தி தீட்டினார்! மூன்றாம் நாள் என்னிடம் ஓடி வந்தார்.

“ஐயா, இது இடிக்கல் இல்லீங்க. கட்டவெரல் வைக்கிற எடம் தேஞ்சிருக்கு பாருங்க. நம்மள மாதிரி ஒருத்தன் இதப் புடிச்சு வேல செஞ்சிருக்கான்.”

படித்த துரைமார் எத்தனை பேர் அந்தக் கரையில் நடந்தார்கள்! எவர் கண்ணுக்குத் தெரிந்தது? இரும்பே அறியாத காலத்து மனிதர் இந்தக் கோலாலம்பூரில் வாழ்ந்ததைக் கண்டவர், கையெழுத்துப் போடத் தெரியாத நம் கன்னையா! பிறகு பானைகள் வந்தன, எலும்புகளும் வந்தன. வேலையை நிறுத்திக் கற்பூரம் ஏற்றினார். “பேரு தெரியாட்டி என்னங்க, செத்தவங்கதானே” என்றார்.

மியூசியத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார், எழுதினேன். “ஒரு வாரம் குடுங்கய்யா, அவங்க வந்து பாக்கட்டும்” என்று கெஞ்சினார். நான் என்ன செய்தேன்? வேலை பிந்தினால் துரை ஏசுவாரென்று பயந்து, கடிதத்தை மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை வெட்டியாக வேண்டும் என்றேன். சபையோரே, இதை உங்கள் முன் சொல்லாமல் என்னால் உட்கார முடியாது.

ஞாயிறு காலை நல்ல மழை. கரை சரிந்துவிடுமே என்று தனியாகப் போய்ப் பலகை வைத்து முட்டுக் கொடுத்தார். திங்களன்று நான் மனம் மாறுவேன் என்று நம்பித்தானே ஐயா போனார்! கரை அவர்மேலேயே சரிந்தது. இந்தக் கைகளால்தான் மண்ணை அள்ளினேன். மூச்சு இல்லை.

தங்கையே, உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. கடிதம் இன்று காலைத் தபாலில் போய்விட்டது. மியூசியத்தார் வந்து பார்க்கும்வரை அந்தக் கரையில் ஒரு மண்வெட்டி இறங்காது. துரை உத்தரவிட்டால், முதலில் என் வேலையைப் பறித்துக்கொள்ளட்டும்!

தோழர்களே, நாளைக் காலை ஆறு மணிக்கு நான் கரையில் நிற்பேன். பலகையும் சுத்தியலும் கொண்டு வாருங்கள். மழை விடவில்லை, கன்னையா நட்ட முட்டுகள் பாதியில் நிற்கின்றன.