கட்டை ஆணிதான்

கோப்பி நன்றாக இருக்கிறது, பொலிஸ் ஐயா. மொழிபெயர்க்கிற தங்கச்சி ஆறுதலாகச் சொல்லட்டும், எனக்கு அவசரமில்லை.

இங்கே சுவிஸில், சோலோதுர்னில் ஒரு சின்னக் கால்பந்துக் கழகத்தில் ஆட்டக்காரரின் சப்பாத்துகளைப் பராமரிப்பது என் வேலை. ஈரப் புல்லென்றால் அடியில் நீள ஆணி திருகவேண்டும். காய்ந்த தரையென்றால் கட்டை ஆணி, இல்லாவிட்டால் கால் மாட்டிக்கொள்ளும். கிரெக் ஹோல்டன் 2004இல் வந்தார். இங்கிலாந்தில் பதினான்கு வருடம் தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தவர். ஜெபநேசன் என்ற என் பெயரை இந்த நாட்டில் முழுதாகச் சொன்ன முதல் வெள்ளைக்காரர் அவர்தான். சப்பாத்து நாடாவைக் கட்ட என்னை மட்டுமே விடுவார்.

அடுத்த வருடம் இங்கிலாந்துக் கழகமொன்று அவரைத் திரும்பக் கூப்பிட்டது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் போனால் நான் யார் என்று பயந்தேன். பயந்த மனுசனை யாரும் குறை சொல்லமுடியாது.

அவருடைய வலது முழங்காலில் இரண்டு தடவை சத்திரசிகிச்சை நடந்திருந்தது. திரும்பும்போது பாதம் தரையில் மாட்டக்கூடாது என்று வைத்தியர் என் முன்னால்தான் சொன்னார். போகுமுன் ஆடிய கடைசி ஆட்டத்தன்று தரை காய்ந்திருந்தது. நான் நாடாவை இறுக்கியபோது, "கால் உயரமாகத் தெரிகிறதே" என்றார்.

"கட்டை ஆணிதான்" என்றேன்.

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அரைமணி நேரத்தில் முழங்கால் முறிந்த சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

பிறகு ஒரு வருடம் நான்தான் சூப் கொண்டுபோனேன், தாங்கி நடத்தினேன். அது எனக்கு நல்ல காலம்.

போன சனிக்கிழமை அவர் இங்கிலாந்துக்கே திரும்பப்போவதாகச் சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்தார். என் மனைவி அஞ்சலினுக்கு ஒன்றும் தெரியாது. அவர் அன்று போட்டு ஆடிய, நான் அலுமாரியில் வைத்திருந்த அந்தச் சப்பாத்தை எடுத்துவந்தாள்.

"இஞ்சேருங்கோ, இதை அவருக்கு நினைவாக் குடுத்துவிடுவமோ?"

நான் அந்த நீள ஆணிகளைக் கழற்றவேயில்லை. தொட மனம் வரவில்லை. அவர் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எந்த முன்கள வீரனுக்கும் ஒதுங்காத மனுசன், கைத்தடியை முன்னே நீட்டியபடி என்னிடமிருந்து பின்னால் பின்னாலே போனார். கதவுக்கு வெளியே படிக்கட்டு.

அஞ்சலின் உங்களிடம் சொன்னது சரி. நான் தள்ளினேன்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: முதலில் ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்தது நான்தான். அவர் காலிலிருந்த ஒரு சப்பாத்தின் நாடா அவிழ்ந்திருந்தது. கட்டிவிட்டேன். அப்போதே அவருக்கு மூச்சு நின்றிருந்தது. என்னை மட்டுமே கட்ட விடுவார்.