சாலம்மாள் வராத படம்

மல்லாட்டைக் கடலை உரிக்கிறவர்களுக்குக் காதில் ஏதாவது விழுந்துகொண்டே இருக்க வேண்டும் ஐயா. இல்லாவிட்டால் பருப்பு முறத்துக்குப் போகாமல் வாய்க்குப் போய்விடும். வடக்கனந்தலில் களம் வைத்திருந்த லட்சுமியம்மாளுக்கு இது தெரியும். அதனால்தான் எட்டாவது வரை படித்த என்னைக் கூப்பிட்டு, “ராஜாம்பா, நீ உரிக்க வேணாம், படி” என்றார்.

வாரப் பத்திரிகை ஒன்றில் ‘பொன்னரவத் தீவு’ என்ற மாயாஜாலத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. கவிழ்த்துப்போட்ட கூடைமேல் உட்கார்ந்து நான் வாசிப்பேன். பதினாலு பெண்கள் கேட்டுக்கொண்டே உரிப்பார்கள். அவர்களில் ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை. எழுதுகிறபோது இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் எட்டு வாரம் அட்சரம் பிசகாமல் வாசித்தேன். ஒன்பதாவது வாரம் கோமுகி ஆற்றில் வெள்ளம். பஸ் வரவில்லை, பத்திரிகையும் வரவில்லை. இளவரசி செங்காந்தியை அதற்கு முந்தின வாரம்தான் பாம்பு ராஜா சிறையில் போட்டிருந்தான்.

“இன்னாடி ஆச்சு அவளுக்கு? சொல்லு, கையே ஓட மாட்டேங்குது” என்றாள் சின்னப்பொண்ணு.

நான் பழைய இதழைப் பிரித்து வைத்துக்கொண்டு, செங்காந்தியை ஒரு கழுகின்மேல் ஏற்றி வெளியே கொண்டுவந்துவிட்டேன். அடுத்த வாரம் பத்திரிகை வந்தது. பார்த்தால் அவள் இன்னும் சிறையில் அழுதுகொண்டிருக்கிறாள். அதற்கடுத்த வாரமும் அழுதாள். பறந்து போனவளைத் திரும்பப் பிடித்து உள்ளே தள்ள எனக்கு மனசு வரவில்லை. அந்த எழுத்தாளர் மெட்ராஸில் இருக்கிறவர், ஆயிரம் வேலை இருக்கும். அவர் கவனிக்காமல் விட்டதை நான் கொஞ்சம் கவனித்துக்கொண்டேன். எழுபது வாரம் அப்படித்தான் போயிற்று. பக்கத்தைப் புரட்ட மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை.

தீவைக் கடலிலிருந்து எடுத்துக் கல்வராயன் மலையில் வைத்தேன், எங்களில் யாரும் கடலைப் பார்த்ததில்லை என்பதால். பாம்பு ராஜாவை மேகம் அருவிக்குப் பின்னால் ஒரு குகையில் குடிவைத்தேன். அவனுடைய பேராசைக்காரத் தங்கைக்கு லட்சுமியம்மாளின் நடையைக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். லட்சுமியம்மாள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

இனி பெரியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உரிக்கிறவர்களில் மூத்தவள். அவளுக்கு ஒரே மகள், சாலம்மாள், பதினோரு வயசு. அந்த வருஷம் கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்து இறந்துபோனாள். காரியம் முடிந்து பெரியம்மாள் களத்துக்கு வந்தாள், ஆனால் உரிக்கவில்லை. முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு வாசிப்பில் ஒரு சின்னப் பெண்ணைச் சேர்த்தேன். பாம்பு தீண்டியவர்கள் சாவதில்லை, ராஜாவின் குகையில் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களில் ஒருத்திக்கு இடது புருவத்தில் தழும்பு என்று வாசித்தேன். பேர் நான் சொல்லவில்லை ஐயா.

“அது எம் பொண்ணுடி” என்று பெரியம்மாள்தான் சொன்னாள்.

மறுநாளிலிருந்து உரித்தாள். அவளைப்போல உரித்தவள் களத்தில் இல்லை. வாரா வாரம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, “எம் பொண்ணு இன்னா பண்ணிக்கினு இருக்கா?” என்று கேட்பாள். பூ வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பேன், அருவியில் குளிக்கிறாள் என்பேன். தொடர் முடிந்த வாரம் அந்தப் பெண்ணை எப்படி அனுப்பிவைப்பது என்று தெரியவில்லை. ரெண்டாம் பாகத்தில் வெளியே வருவாள் என்று போட்டிருப்பதாகச் சொன்னேன்.

ரெண்டு வருஷம் கழித்து அந்தக் கதை படமாக வந்துவிட்டது. பெரியம்மாள் அதைத்தான் ரெண்டாம் பாகம் என்று எண்ணிக்கொண்டாள்.

படம் நன்றாக இல்லையாம், பார்த்தவர்களுக்குத் தலைவலி வருகிறதாம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு ரெண்டு மாட்டுவண்டியில் கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டோம். பெரியம்மாள் மடியில் ஒரு துணி மூட்டை. உள்ளே புதுப் பாவாடை. ரெண்டு வருஷத்தில் பெண் வளர்ந்திருப்பாள் என்று கொஞ்சம் நீளமாகத் தைக்கச் சொல்லியிருந்தாள்.

படத்தில் கடல் வந்தது. செங்காந்தி சிறையில் உட்கார்ந்து அழுதாள், பாட்டுப் பாடி வேறு அழுதாள்.

“கழுகு எங்கடி? மலை எங்க? நல்ல கதைய இப்பிடி கெடுத்து வச்சிக்கிறானுங்களே, பாவிங்க” என்று சின்னப்பொண்ணு தலையில் அடித்துக்கொண்டாள்.

உண்மையில் ஒரு கதையை அவ்வளவு நேர்மையாகப் படம் எடுத்து நான் பார்த்ததில்லை. வசனம்கூடப் பத்திரிகையில் இருந்தபடியே இருந்தது. எனக்கும் ஏமாற்றம்தான்.

விளக்குப் போட்டார்கள். பெரியம்மாள் எழுந்திருக்கவில்லை.

“எம் பொண்ணு வர எடம் எங்கடி? நீதான படிச்ச?”

பதினாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. பின்னால், மேலே, ஆப்பரேட்டர் அறையின் சின்ன ஜன்னல் தெரிந்தது. அதில் கண்ணாயிரம் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“ஆப்பரேட்டர் வெட்டிட்டாருக்கா” என்றேன். “ரீலு அங்கதான் இருக்கும்.”

அவர்கள் அந்த அறைக்குப் படியேறினார்கள். நான் ஏறவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். “ஒரு அடிகூட நான் வெட்டலம்மா, எம் புள்ளைங்கமேல சத்தியம்” என்று அவர் கத்தியது அங்கே வரைக்கும் கேட்டது. படிக்கட்டில் அவரைத் தள்ளியது யார் என்று நான் பார்க்கவில்லை. வலது கை உடைந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ரீல் பெட்டியை வாசலுக்கு இழுத்துவந்து கொட்டினார்கள். பெரியம்மாள் அந்தச் சுருளை ஒவ்வொரு அடியாக வெயிலில் தூக்கிப் பிடித்து, புருவத்தில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தாள். வெயில் சாயும்வரை பார்த்தாள்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆப்பரேட்டர்கள் பிலிம் துண்டு விற்பது ஊரறிந்த சங்கதி என்பதால், நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள், சினிமாக் கொட்டாய் முதலாளி உள்பட. வேலை போய், திருட்டுக் கேஸில், கட்டுப்போட்ட கையோடு கண்ணாயிரம் இங்கே லாக்கப்பில் இருக்கிறார். அவர் சம்சாரம் களத்துக்கு வந்து, “எங்க வூட்டுக்காரரு வெட்டலன்னு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லுங்கம்மா” என்று அழுதாள். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

நான் வந்தது அதற்காக அல்ல ஐயா. பெரியம்மாள் மூன்று நாளாக உங்கள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாயிரம் வெளியே வந்தால் பெண்ணை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்க வேண்டுமாம். சோறும் இறங்குவதில்லை. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

கண்ணாயிரம் எதையும் வெட்டவில்லை. அவர்மேல் பழி போட்டது நான். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இனிமேல் என் வாயில் பொய் வராது. இப்போதே வெளியே போய்ப் பெரியம்மாளிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கண்ணாயிரம் வெட்டவில்லை, மெட்ராஸிலேயே வெட்டிவிட்டார்கள் என்று.